தீவனம் தொடாத மாடு, புரளும் குதிரை: நோயைக் கண்டுபிடித்துக் கவனிக்கும் முறை

தொட்டியில் வைத்த தீவனம் வைத்தபடி இருக்கிறது. மாடு தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. மடிவீக்கமாக இருக்கலாம், விழுங்கிய ஆணியாக இருக்கலாம், ஈன்ற பின் சக்தி பற்றாமல் வரும் கீட்டோசிஸாக இருக்கலாம், கோமாரியின் முதல் நாளாகவும் இருக்கலாம். நான்குக்கும் வைத்தியம் வேறு. ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் ஒரு நாள் போய்விடும். மாட்டுக்கும் குதிரைக்கும் பிழைப்பதா சாவதா என்பது பெரும்பாலும் அந்த ஒரு நாளில்தான் முடிவாகிறது. மருந்துப் பெட்டியைத் திறக்குமுன் தெர்மாமீட்டரை எடுங்கள். முழுப் பரிசோதனைக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

கிட்டப் போகாமல் பார்ப்பது

ஆளைக் கண்டதும் கால்நடைக்கு மூச்சும் நாடியும் கூடும். அதனால் முதல் இரண்டு நிமிடம் தள்ளி நின்றே பாருங்கள். மந்தையை விட்டு ஒதுங்கி நிற்கிறதா, முதுகு வளைந்திருக்கிறதா, அசை போடுகிறதா? குதிரை ஒரு பின்னங்காலைத் தளர்த்தி நிற்பது ஓய்வு, கவலை வேண்டாம். முன்னங்காலை முன்னால் நீட்டி வைத்து அதில் பாரம் போடாமல் நின்றால் அந்தக் காலில் வலி இருக்கிறது.

மூச்சையும் தூரத்திலிருந்தே எண்ணிவிடலாம். விலாவுக்குப் பின்னால் வயிறு ஏறி இறங்குவது ஒரு மூச்சு. ஓய்வில் இருக்கும் மாட்டுக்கு நிமிடத்துக்கு 15 முதல் 35, குதிரைக்கு 8 முதல் 16. வெயில் நேரத்தில் மாட்டுக்கு இது நன்றாகவே ஏறும், அதை நோயாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூச்சு விடும்போது முனகினால் அது வலி அல்லது நுரையீரல் பாதிப்பு.

கை வைத்துப் பார்ப்பது

தெர்மாமீட்டரின் பின்முனையில் நூல் கட்டி, நூலின் மறுமுனையில் ஒரு கிளிப்பைப் போட்டு வால் முடியில் மாட்டிவிடுங்கள். உள்ளே இழுபட்டாலும் கீழே விழுந்தாலும் கவலையில்லை. பாதரச வகை என்றால் 96 டிகிரிக்குக் கீழே உதறி இறக்குங்கள். எண்ணெய் தடவி ஆசனவாயில் நுழைத்து, முனை குடலின் சுவரைத் தொடும்படி சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். சாணத்துக்குள் குத்தி நின்றாலோ, உள்ளே காற்றுப் புகுந்திருந்தாலோ ஒரு டிகிரி குறைவாகக் காட்டி ஏமாற்றும். குதிரைக்குப் பார்க்கும்போது நேர் பின்னால் நிற்காமல், இடுப்போடு ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள்.

மாட்டுக்கு இயல்பு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். குதிரைக்கு 99 முதல் 101. கன்றுக்கும் குட்டிக்கும் இதைவிட அரை டிகிரி, ஒரு டிகிரி கூட இருக்கும். மாட்டுக்கு இயல்பான 102 குதிரைக்குக் காய்ச்சல் என்பதை மனதில் வையுங்கள். இரண்டையும் சேர்த்து வளர்ப்பவர்கள் அடிக்கடி தவறுவது இங்கேதான்.

நாடியை மாட்டுக்கு வாலின் அடிப்பக்கத்தில், வால் தொடங்கும் இடத்திலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் கீழே, நடுக்கோட்டில் விரல் நுனியால் தொட்டுப் பார்க்கலாம். குதிரைக்குக் கீழ்த்தாடை எலும்பின் விளிம்பில் ஒரு கயிறுபோல உருளும் ரத்தக்குழாயை எலும்போடு அழுத்தினால் துடிப்பு தெரியும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மாட்டுக்கு 60 முதல் 80, குதிரைக்கு 28 முதல் 44.

உதட்டை விலக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வெளுத்திருந்தால் ரத்தசோகை, மஞ்சளாக இருந்தால் காமாலை, செங்கல் சிவப்போ ஊதாவோ என்றால் ரத்தத்தில் நச்சு ஏறுகிறது. ஈறு கறுப்பாக இருக்கும் மாடுகளுக்குக் கண்ணின் கீழ் இமையையோ, யோனியின் உட்புறத்தையோ பாருங்கள்.

கடைசியாக வயிறு. மாட்டின் இடப்பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு குழி இருக்கும். முஷ்டியை அதில் அழுத்தி வைத்து இரண்டு நிமிடம் காத்திருங்கள். அசையூண் இரைப்பை நல்ல நிலையில் இருந்தால் இரண்டு முதல் நான்கு முறை கையை வெளியே தள்ளும். ஒன்றுமே தள்ளவில்லை என்றால் இரைப்பை நின்றுவிட்டது. பிசைந்த மாவுபோல அமுங்கினால் தீவனம் தேங்கியிருக்கிறது. தட்டினால் மத்தளம்போல ஒலித்தால் வாயு. தண்ணீர்ப் பைபோலத் தளும்பினால் தானியம் மிஞ்சித் தின்று புளித்திருக்கலாம். குதிரைக்கு இரு விலாப்புறத்திலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என நான்கு இடத்தில் காதையோ ஸ்டெதாஸ்கோப்பையோ வைத்து, இடத்துக்கு ஒரு நிமிடம் கேளுங்கள். குடல் உறுமினால் பயமில்லை. நான்கு இடத்திலும் அமைதியாக இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள்

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. கண் மதிப்பீடு நூறு கிலோ வரை தப்பும். குடற்புழு மருந்தைக் குறைத்துக் கொடுத்துக்கொண்டே வந்தால் மருந்துக்கு அடங்காத புழுக்கள் மிஞ்சிப் பெருகும்.

அளவு நாடாவை முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிப் பிடித்துச் சுற்றளவை எடுங்கள். தோள் முனையிலிருந்து பின்புட்டத்து எலும்பு வரை நீளத்தை எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்குங்கள். வந்ததை மாட்டுக்கு 10,840-ஆலும், குதிரைக்கு 11,880-ஆலும் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 180, நீளம் 150 என்றால் பெருக்கல் 48,60,000. மாடாக இருந்தால் சுமார் 448 கிலோ, குதிரையாக இருந்தால் சுமார் 409 கிலோ. நிறைசினையில் இருக்கும் மாட்டுக்கும் கன்றுக்கும் இந்தக் கணக்கு சரியாக வராது.

மாடு: வெப்பத்தை வைத்துப் பிரிப்பது

வெப்பம் குறைந்து, மாடு படுத்துவிட்டதா?

கன்று ஈன்று மூன்று நாளுக்குள், மூன்றாவது ஈற்றோ அதற்கு மேலோ ஆன நல்ல கறவை மாடு எழ முடியாமல் கிடந்தால், வேறெதையும் நினைக்குமுன் பால்சுரத்தை நினைக்க வேண்டும். பெயரில்தான் சுரம், உண்மையில் உடல் குளிர்ந்திருக்கும். காது நுனி சில்லிட்டிருக்கும், மூக்கு வறண்டிருக்கும், சாணம் போடாது, கழுத்து ஆங்கில எஸ் எழுத்துபோல நெளிந்து தலை விலாவின் மேல் திரும்பியிருக்கும். சீம்பாலுக்காக மடி திடீரென்று இழுக்கும் கால்சியத்தை எலும்பும் குடலும் ஈடுகட்ட முடியாமல் போவதே காரணம். தொடக்கத்தில் தசை துடிப்பு, தள்ளாட்டம். அடுத்து நெஞ்சு தரையில் படும்படி படுக்கை. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து உணர்விழப்பு. மூன்றாம் கட்டத்தில் சில மணி நேரமே மிச்சம்.

வைத்தியம் கால்சியம் போரோகுளுக்கோனேட் கரைசல், கழுத்துச் சிரை வழியாக. வளர்ந்த மாட்டுக்கு 8 முதல் 10 கிராம் கால்சியம் சேரும் அளவு. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, 10 முதல் 20 நிமிடம் எடுத்து மெல்ல ஏற்ற வேண்டும். ஒருவர் ஏற்றும்போது மற்றவர் ஸ்டெதாஸ்கோப்பை இதயத்தின் மேல் வைத்தபடியே இருக்க வேண்டும். துடிப்பு தாளம் தப்பினால் உடனே நிறுத்த வேண்டும். வேகமாக ஏறிய கால்சியம் இதயத்தை நிறுத்திவிடும். இது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. அவர் வரும்வரை உங்கள் வேலை, மாட்டை நெஞ்சின் மேல் நிமிர்த்தி வைக்கோல் மூட்டையால் முட்டுக் கொடுப்பது. பக்கவாட்டில் கிடந்தால் வாயு வெளியேற முடியாமல் வயிறு உப்பி, இரைப்பைத் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். வாய் வழியாக எதையும் புகட்டாதீர்கள், அதற்கு விழுங்கும் சக்தி கிடையாது.

மருந்து ஏறி முடிப்பதற்குள் மாடு ஏப்பம் விடும், நடுங்கும், சாணம் போடும், சிலது எழுந்தே நிற்கும். பார்க்க அதிசயமாக இருக்கும். ஆனால் எழுந்த மாடுகளில் நான்கில் ஒன்று அடுத்த இரண்டு நாளுக்குள் மறுபடி விழும். அதனால் எழுந்து விழுங்கத் தொடங்கியதும் வாய்வழிக் கால்சியம் கொடுங்கள், முதல் நாள் மடியை முழுக்கக் கறக்காதீர்கள். எழாத மாட்டைச் சில மணிக்கொரு தடவை புரட்டிப் போட வேண்டும். அடியில் இருக்கும் காலின் தசையும் நரம்பும் தன் எடையாலேயே நசுங்கும். கால்சியம் சரியான பிறகும் எழாமல் கிடக்கும் மாடுகளில் பல இப்படிப் போனவைதான்.

வெப்பம் சரியாக இருக்கிறது, ஆனால் தின்னவில்லையா?

ஈன்று இரண்டு முதல் ஆறு வாரம் ஆன மாடு, அடர்தீவனத்தை ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் கொறிக்கிறது, பால் இறங்குகிறது, மெலிகிறது, மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் வாடை வருகிறது என்றால் கீட்டோசிஸ். பால் கேட்கும் சக்திக்குத் தீனி ஈடுகொடுக்காததால் உடம்புக் கொழுப்பு கரைகிறது. அந்த வாடை எல்லார் மூக்குக்கும் எட்டாது. ரத்தத்தில் கீட்டோன் அளக்கும் சிறு கருவி இருந்தால், பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் லிட்டருக்கு 1.2 மில்லிமோலுக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். புரோப்பிலீன் கிளைக்கால் சுமார் 300 மி.லி., தினம் ஒரு முறை, மூன்று முதல் ஐந்து நாள் வாய்வழியாகக் கொடுக்க வேண்டும். மருத்துவர் முதல் நாளில் 50 சதவீத குளுக்கோஸ் 500 மி.லி. சிரையில் ஏற்றுவார். அதன் பலன் சில மணி நேரம்தான், கிளைக்காலை நிறுத்திவிடக் கூடாது. சர்க்கரைப் பாகு கரைத்துப் புகட்டுவது பயன்படாது. அசையூண் இரைப்பையின் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துத் தின்றுவிடும், ரத்தத்துக்குச் சர்க்கரையாகப் போய்ச் சேராது.

கம்பியோ ஆணியோ விழுங்கிய மாடு முதுகை வளைத்து, முழங்கையை வெளியே விரித்து நிற்கும். மேட்டிலிருந்து இறங்கத் தயங்கும். தோள்மேட்டின் தோலை இரு கையாலும் கிள்ளித் தூக்கினால் நல்ல மாடு முதுகைத் தாழ்த்தும். வலி உள்ள மாடு தாழ்த்தாது, முனகும். காய்ச்சல் முதல் நாளில் லேசாக வந்து போயிருக்கலாம். காந்தம் ஒன்றை விழுங்க வைத்து, முன்னங்கால்களைப் பலகையின் மேல் 20 சென்டிமீட்டர் உயர்த்திக் கட்டினால் ஆணி பின்னோக்கி நழுவ வாய்ப்புண்டு. கழுத்துச் சிரை புடைத்து, தாடைக்குக் கீழும் நெஞ்சிலும் நீர் கோத்தால் ஆணி இதய உறையைத் தொட்டுவிட்டது; அந்தக் கட்டத்துக்குப் பிறகு செலவு செய்து பயனில்லை.

காய்ச்சல் இருக்கிறதா?

முதலில் மடியைத் தொடுங்கள். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் மூன்று பீச்சலைக் கறுப்புத் தட்டிலோ கறுப்புத் துணியிலோ விட்டால் திரிந்த துணுக்குகள் பளிச்சென்று தெரியும். மடி சூடாக, கல்போல இருந்து, பால் தண்ணீராகவோ மோர்போலவோ வந்து, மாடும் சோர்ந்து கிடந்தால் அது குடல் பாக்டீரியா தாக்கிய அவசர நிலை. மருத்துவர் வரும்வரை அந்தக் காம்பை அடிக்கடி பீச்சி வெளியே எடுங்கள்.

காம்புக்குள் மருந்துக் குழல் செலுத்துவதில் ஒரு ஒழுங்கு உண்டு. ஆல்கஹால் நனைத்த பஞ்சால் காம்பு நுனியைத் துடைக்கும்போது உங்களுக்கு எட்டத்தில் இருக்கும் இரண்டு காம்பை முதலில், கிட்டத்தில் இருப்பதை அடுத்து. மருந்தை ஏற்றும்போது நேர்மாறாக, கிட்டத்துக் காம்பை முதலில். அப்படிச் செய்தால் துடைத்த காம்பில் உங்கள் கை உரசாது. குழலின் முனையை முழுக்கத் திணிக்காமல் 3 மில்லிமீட்டர் அளவு நுழைத்தால் போதும். ஆழமாகத் திணித்தால் காம்புத் துவாரத்தில் படிந்திருக்கும் கிருமியும் சேர்ந்து உள்ளே போகும். கறந்து முடித்ததும் அயோடின் கரைசலில் காம்பை முக்கி, அரை மணி நேரமாவது மாடு படுக்காதபடி முன்னால் தீவனம் போடுங்கள். காம்புத் துவாரம் மூட அந்த நேரம் ஆகும். மருந்து போட்ட மாட்டின் பாலை, மருந்துப் பெட்டியில் குறித்திருக்கும் காலம் முடியும்வரை விற்கவோ குடிக்கவோ கூடாது.

சிறுநீர் சிவந்து போனால் தெர்மாமீட்டர் நேராகவே பதில் சொல்லும். 104-க்கு மேல் காய்ச்சல், வெளுத்த ஈறு, உடம்பில் உண்ணி என்றால் பெபீசியா என்னும் உண்ணிக் காய்ச்சல். டைமினசின் கிலோவுக்கு 3.5 மி.கி. தசையில் போட்டால் கேட்கும், ஆனால் ரத்தத்தைச் சோதித்துவிட்டுப் போடுவதே முறை. அதே சிவப்புச் சிறுநீர் காய்ச்சலே இல்லாமல், ஈன்று சில வாரமான மாட்டுக்கு வந்தால் பாஸ்பரஸ் பற்றாக்குறையைப் பாருங்கள்.

ஈன்று 24 மணி நேரமாகியும் நஞ்சுக்கொடி விழவில்லை என்றால் கையை விட்டு இழுக்காதீர்கள், கல்லைக் கட்டித் தொங்கவிடாதீர்கள். கருப்பையின் உட்சுவர் கிழிந்து கிருமி ரத்தத்தில் கலக்கும். தினம் காய்ச்சல் பாருங்கள். காய்ச்சல் வந்தால், நாற்றத்தோடு தண்ணீராகக் கழிவு வந்தால், மருத்துவர்.

வயிறு உப்பசம்: நிமிடக் கணக்கு

இடப்பக்கக் குழி மேடாகி, முதுகுத்தண்டின் மட்டத்தைத் தாண்டி எழும்புகிறது. மாடு வாயால் மூச்சு விடுகிறது, நாக்கைத் தள்ளுகிறது. இரண்டு வகை உண்டு, வைத்தியம் வேறு வேறு.

ஈரமான இளம் பயறுவகைத் தீவனத்தை மேய்ந்த பிறகு வருவது பெரும்பாலும் நுரை உப்பசம். வாயு தனியாகப் பிரியாமல் சோப்பு நுரைபோல இரைப்பை முழுக்க அடைத்திருக்கும். இதற்குக் குழாய் விட்டாலும் ஊசி குத்தினாலும் நுரைதான் வரும், அடைத்துக்கொள்ளும். நுரையை உடைக்க வேண்டும்: சமையல் எண்ணெய் 250 முதல் 500 மி.லி. வாயில் மெல்லப் புகட்டி, மாட்டை நடக்க வைத்து, இடப்பக்கத்தைப் பிசைந்துவிடுங்கள்.

தொண்டையில் கிழங்கோ காயோ சிக்கியதாலும், பக்கவாட்டில் கிடந்ததாலும் வருவது தனி வாயு. இதற்கு ரப்பர்க் குழாயை வாய் வழியாக இரைப்பைக்குள் விட்டால் புஸ்ஸென்று வாயு வெளியேறும். பற்களுக்கு நடுவில் நடுத்துளை உள்ள மரக்கட்டையைக் கொடுக்காவிட்டால் குழாயை மென்று துண்டாக்கும். முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள்.

மாடு தள்ளாடி விழும் நிலையில், மருத்துவர் எட்டாத தூரத்தில் இருந்தால் மட்டும் டிரோக்கார், அதாவது வயிற்றில் குத்தி வாயுவை வெளியேற்றும் குழலோடு கூடிய தடித்த ஊசி. இடம்: இடப்பக்கக் குழியில், கடைசி விலா, இடுப்பெலும்பு, முதுகெலும்பின் பக்க விளிம்பு மூன்றிலிருந்தும் சம தூரத்தில் உள்ள புள்ளி. வலது முன் முழங்கையை நோக்கிச் சாய்த்துக் குத்த வேண்டும். வலப்பக்கம் குத்தினால் குடல் ஓட்டையாகும். பிழைத்த பிறகும் வயிற்றறைத் தொற்று வரக்கூடும் என்பதால் மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வாயில் புகட்டுவது எப்போதுமே ஆபத்தான வேலை. தலையை முதுகு மட்டத்துக்கு மேல் தூக்காதீர்கள். நாக்கைப் பிடித்து இழுக்காதீர்கள். கன்னத்தின் ஓரமாக ஒரு மிடறு ஊற்றி, விழுங்கியதைப் பார்த்து அடுத்த மிடறு. இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள். நுரையீரலுக்குள் போன எண்ணெய் திரும்பி வராது.

கன்றுக் கழிச்சல்

கழிச்சலில் கன்று சாவது கிருமியால் என்பதைவிட நீரும் உப்பும் இழந்துதான். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். நிதானமாகப் படிந்தால் நீரிழப்பு. கண் குழிந்து, விழிக்கும் இமைக்கும் நடுவே 4 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால் எடையில் 7, 8 சதவீதம் போய்விட்டது என்று கொள்ளலாம். 40 கிலோ கன்றுக்கு அது சுமார் மூன்று லிட்டர். அவ்வளவும் ஈடாக வேண்டும், அதற்கு மேல் தொடர்ந்து போவதும் ஈடாக வேண்டும். அதனால்தான் கால் லிட்டர் உப்புச் சர்க்கரைக் கரைசலால் ஒன்றும் ஆவதில்லை.

கன்றுக்கென விற்கும் நீரேற்றும் கரைசலை வேளைக்கு 2 லிட்டராக, இரண்டு மூன்று வேளை கொடுங்கள். பாலை நிறுத்த வேண்டாம். பட்டினி போட்டால் கன்று சக்தி இழந்து சாகும். சோடா உப்பு கலந்த கரைசலைப் பாலோடு கலக்கக் கூடாது, பால் வயிற்றில் உறையாது. இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். கன்றின் வாயில் விரலை வையுங்கள். சப்பினால் வாய்வழியே போதும். சப்பவில்லை, வாய் உட்புறம் சில்லிட்டிருக்கிறது என்றால் சிரை வழியாகத்தான் ஏற்ற வேண்டும்.

வராமல் தடுக்கச் சீம்பால்தான் வழி. பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள், எடையில் பத்தில் ஒரு பங்கு. நோய் எதிர்ப்புப் புரதத்தை உள்ளே விடும் குடலின் கதவு ஒரு நாளில் முழுக்க மூடிவிடும், மணிக்கு மணி குறைந்துகொண்டே வரும்.

குதிரை: வயிற்றுவலி

குதிரை வைத்தியத்தில் அடிக்கடி வரும் அவசரம் வயிற்றுவலிதான். காலால் தரையைப் பறிக்கும், விலாவைத் திரும்பிப் பார்க்கும், மேலுதட்டைச் சுருட்டும், படுத்து எழும், புரளும், வியர்க்கும். நாளுக்கு எட்டு முறையாவது லத்தி போட வேண்டியது போடாமல் நிற்கும்.

முதலில் தீவனம் அனைத்தையும் அப்புறப்படுத்துங்கள். பிறகு நாடி. வலியின் கடுமையை நடிப்பிலிருந்து பிரித்துக் காட்டுவது நாடிதான். சில குதிரைகள் சின்ன வாயுவுக்கே ஊரைக் கூட்டும், சில கழுதைகளும் மட்டக் குதிரைகளும் குடல் முறுக்கியும் சும்மா நிற்கும். 60-க்கு மேல் போனால் அவசரம். 80-ஐத் தாண்டி, ஈறு சிவந்து கறுத்து, குடல் அமைதியாக இருந்தால் குடல் முறுக்கியிருக்கலாம். அறுவை சிகிச்சை இல்லாமல் தேறாது.

குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் மேல்வாய் ஒருவழிக் கதவு. உள்ளே தேங்கினால் இரைப்பை வெடிக்கும். அதனால்தான் மருத்துவர் முதலில் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தேங்கியதை இறக்குவார். உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று தெரியாமல் எண்ணெயோ கஷாயமோ பாட்டிலில் புகட்டுவது தவறு. மலச்சிக்கல் என்று உறுதியானால் அதே குழாய் வழியாகத் தண்ணீரும் உப்பும் கனிம எண்ணெயும் அவரே ஏற்றுவார்.

10, 15 நிமிடம் மெல்ல நடத்தலாம். மணிக்கணக்கில் நடத்திக் களைப்பாக்குவதில் பயனில்லை. அமைதியாகப் படுத்திருந்தால் படுத்திருக்கட்டும். புரண்டு சுவரில் இடித்துக்கொள்ளும் நிலையில் மட்டும் எழுப்புங்கள், உங்கள் தலையையும் காத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளூனிக்சின் என்னும் வலிநீக்கி கிலோவுக்கு 1.1 மி.கி., சிரையில் மட்டும். தசையில் போட்டால் குளோஸ்ட்ரிடியம் கிருமி பெருகி தசை அழுகிய குதிரைகள் உண்டு. மருந்தில் வலி அடங்கி, சில மணி நேரத்தில் திரும்பி வந்தால் மறு ஊசி போடாதீர்கள். வலி திரும்பியதே நோய் பெரிது என்பதற்குச் சாட்சி. மறு ஊசி அந்தச் சாட்சியை மறைத்துவிடும்.

குதிரை: குளம்பும் தசையும்

முன்னங்கால்களை நீட்டி, பாரத்தைப் பின்னங்காலில் சாய்த்து, திருப்பும்போது கூர்கல்லில் நடப்பதுபோல் அடி வைத்தால் லாமினைட்டிஸ். குளம்பு எலும்பைச் சுவரோடு பிடித்திருக்கும் தகடுகள் வீங்கிப் பிரிகின்றன. கணுவுக்குப் பின்புறம் இருபக்கமும் விரல் வைத்தால் நல்ல நாளில் தேடித்தான் பிடிக்க வேண்டிய துடிப்பு, இப்போது விரலைத் தட்டும். தானியக் கிடங்கில் நுழைந்து வயிறு முட்டத் தின்றது, அளவு மீறிய கொழுப்பு, ஈன்று மூன்று மணி நேரமாகியும் நஞ்சுக்கொடி விழாதது ஆகியவை காரணங்களில் முக்கியமானவை. மாட்டுக்கு ஒரு நாள் பொறுத்த நஞ்சுக்கொடிக்குக் குதிரையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பொறுக்கக் கூடாது.

தானியம் தின்றது தெரிந்த உடனே, நொண்டல் வருமுன், கால்களை முழங்கால் அளவு பனிக்கட்டி நீரில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் இடைவிடாமல் குளிர்ச்சி இருந்தால்தான் பலன். பத்து நிமிடம் வைத்து எடுப்பது கண்துடைப்பு. நொண்டல் வந்த பிறகு நடத்தக் கூடாது. ஆழமான மணல் படுக்கை, குளம்பின் அடியில் இருக்கும் முக்கோண மென்திண்டுக்கு (ஃப்ராக்) அணை, தானியம் அடியோடு நிறுத்தம்.

உழவுக்கும் வண்டிக்கும் பழகிய கனத்த குதிரைகளுக்கு ஓய்வு நாளுக்கு மறுநாள் வரும் நோய் ஒன்று உண்டு. வேலை இல்லாத நாளிலும் முழுத் தானியம் தின்று, மறுநாள் வேலையில் சில நிமிடத்தில் பின்தசை கட்டையாகி, வியர்த்து நின்றுவிடும். சிறுநீர் காபி நிறத்தில் போகும். தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. நின்ற இடத்திலேயே நிறுத்துங்கள். லாயம் வரை கூட நடத்தாமல் வண்டியில் ஏற்றிக் கொண்டு போங்கள். தடுப்பது எளிது: ஓய்வு நாளில் தானியத்தைப் பாதிக்கும் கீழே குறையுங்கள்.

தீவனம் மூக்கு வழியாக வந்து, கழுத்தை நீட்டி நெளித்தால் உணவுக்குழாய் அடைப்பு. தீவனம், தண்ணீர் இரண்டையும் எடுத்துவிட்டு அமைதியாக நிறுத்துங்கள். பல தானாகவே இறங்கும். அரை மணி நேரம் தாண்டினால் மருத்துவர்.

குளம்பில் ஏறிய ஆணியைப் பிடுங்குமுன் எந்தப் பக்கம் சாய்ந்து, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று படம் எடுத்துவையுங்கள். டெட்டனஸுக்கு மாட்டைவிடக் குதிரை பல மடங்கு பலவீனமானது. கண்ணின் மூன்றாம் இமை குறுக்கே வந்து, மரக்குதிரைபோல் விறைத்து நின்றால் காலம் கடந்துவிட்டது. தடுப்பூசி தவறாமல் போட்டிருக்க வேண்டும்.

மாட்டு மருந்து குதிரைக்கு ஆகாது

இரண்டையும் ஒரே தொழுவத்தில் கட்டுபவர்கள் இதைத் தனிப் பலகையில் எழுதி மாட்டலாம். மாட்டுத் தீவனத்தில் கலக்கும் மோனென்சின், குதிரைக்கு கிலோவுக்கு 2, 3 மி.கி. போனாலே இதயத் தசையை அழித்துக் கொல்லும். மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் அமிட்ராஸ் குதிரையின் குடலை நிறுத்தி அடைப்பு உண்டாக்கும். லின்கோமைசின் உயிர் போகும் கழிச்சலைத் தரும். எதிர்த்திசையில் மயக்க மருந்தான சைலசின்: குதிரைக்குப் போடும் அளவில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும், குதிரை அளவை மாட்டுக்குப் போட்டால் எழாது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை "மாடு தின்றுவிடும்" என்று சொல்வார்கள். குதிரைக்கு அது மூளையைக் கரைக்கும் நஞ்சு.

வாசலை அடைக்க வேண்டிய நோய்கள்

வாயில் நுரை, நாக்கிலும் குளம்பு இடுக்கிலும் கொப்புளம், நொண்டல் என்றால் கோமாரி. குதிரைக்கு இது வராது. ஆனால் குதிரையின் குளம்பும் வண்டிச் சக்கரமும் ஆளின் செருப்பும் கிருமியைச் சுமக்கும். தோலெங்கும் கெட்டியான கழலைகள் எழும்பினால் தோல் கழலை நோய், கடிக்கும் பூச்சிகள் பரப்புபவை. மாட்டின் தொண்டை வீங்கி மூச்சுத் திணறினால் தொண்டை அடைப்பான். கொழுத்த இளம் மாட்டின் தொடையில் அழுத்தினால் நறநறவென்று ஒலிக்கும் வீக்கம் சப்பை நோய். இந்த இரண்டிலும் மணிநேரமே அவகாசம். குதிரையில் தாடைக்குக் கீழ் கட்டி எழும்பிச் சீழ் மூக்கில் வடிந்தால் ஸ்டிராங்கில்ஸ். அதன் வாளி, கடிவாளம், தூரிகை எதுவும் வேறு குதிரைக்குப் போகக் கூடாது. சீழோடு மூக்குப் புண்ணும், தோலில் மாலைபோல முடிச்சும் இருந்தால் கிளாண்டர்ஸ் என்று சந்தேகிக்க வேண்டும், அது மனிதருக்கும் தொற்றும். மேற்சொன்ன எதிலும் கால்நடைத் துறைக்கு உடனே தெரிவியுங்கள்.

நன்றாக இருந்த மாடு திடீரென்று செத்துக் கிடக்கிறது, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் கசிகிறது, உடல் விறைக்கவில்லை என்றால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்). உடலை அறுக்கக் கூடாது, தோலை உரிக்கக் கூடாது, நாய் பறவை அண்டவிடக் கூடாது. உடலுக்குள் இருக்கும்வரை கிருமி அழுகலில் அழியும். அறுத்துக் காற்றுப் பட்டதும் விதைபோலக் கெட்டியான வித்தாகி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். துவாரங்களைக் கிருமிநாசினி நனைத்த துணியால் அடைத்து, மருத்துவர் காது நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சோதித்த பிறகு எரிக்க வேண்டும், அல்லது ஆறடிக்குக் குறையாத குழியில், தண்ணீர் ஓடாத இடத்தில் புதைக்க வேண்டும். அடியில் ரத்தம் சிந்திய மண்ணையும் சுரண்டி எடுத்து அதே குழியில் போடுங்கள், உடலோடு பட்ட கயிறு, வைக்கோல், சாக்கு எல்லாவற்றையும் எரியுங்கள். கையுறை போட்டே செய்யுங்கள். தொட்டவர் கையில் சில நாளில் வலியில்லாத கறுத்த புண் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய், மாடு செத்த விதத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.